நாலாம் டிஷ்ஷில் நான்

பதினான்கு வயதிலிருந்து நான் மொழிபெயர்ப்பு நாவல்கள் படிக்கிறேன். படித்தால் அறிவு வளரும் என்கிறார்கள். எனக்கு வளர்ந்தது தோள் குலுக்கும் பழக்கம். அந்த நாவல்களில் எல்லோரும் தோள்களைக் குலுக்கிக்கொண்டே இருப்பார்கள். காதல் முறிந்தால் குலுக்குவார்கள், போர் வந்தால் குலுக்குவார்கள், சூப் ஆறிப்போனாலும் குலுக்குவார்கள். ஆம்பூரில் அப்படி ஒருவரையும் நான் கண்டதில்லை. தெரியாது என்றால் இங்கே உதட்டைப் பிதுக்குவார்கள், வேண்டாம் என்றால் கையை ஆட்டுவார்கள். ஆகவே கண்ணாடி முன் நின்று நானாகவே பழகிக்கொண்டேன்.

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரம், ஃப்ரிட்ஜ் கதவை யார் திறந்து வைத்தது என்று டெக்னீஷியன் எழிலரசி கேட்டாள். அலட்சியமும் ஆழ்ந்த துயரமும் கலந்து தோள்களைக் குலுக்கினேன்.

"இன்னாடி, கழுத்து புடிச்சிக்கிச்சா?" என்றாள் அவள். "தலகாணி இல்லாம படு. ரெண்டு நாள்ல வுட்டுடும்."

என் டைரியில் நவம்பரில் பனி பொழியும். ஜன்னலுக்கு வெளியே தோல் கம்பெனிக்குப் பச்சைத்தோல் ஏற்றிய லாரி உப்புத்தண்ணீரைச் சொட்டிக்கொண்டு போகும். டைரியில் குதிரைவண்டி போகும். மஹீன் என்ற என் பெயரைக்கூட, எந்த நாட்டுக்காரி என்று உடனே சொல்லிவிட முடியாத பெயர் என்பதற்காக எனக்குப் பிடிக்கும். நான் எங்கேயோ பிறந்திருக்க வேண்டியவள், தவறுதலாக ஆம்பூரில் இறக்கிவிடப்பட்டவள் என்பது என் உறுதியான நம்பிக்கை. தினமும் காலை ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் பஸ், அங்கிருந்து பாகாயத்துக்கு டவுன் பஸ். பள்ளிகொண்டா டோல்கேட் வருவதற்குள் ஐம்பது பக்கம் படித்துவிடுவேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டால் ஒரு நொடி எந்த ஊரின் பெயரைச் சொல்வதென்று குழம்பிப்போவேன்.

இப்படிப்பட்ட ஒருத்தியின் கையில் ஆறு பேருடைய தோலை நம்பிக் கொடுத்தார்கள்.

பாகாயத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஆய்வகம். மொத்தம் எட்டுப் பேர் வேலை செய்கிறோம். தலைவர் சௌந்தரம் மேடம், கலவை ஊர்க்காரர். நாங்கள் செய்வது, மனிதத் தோலின் செல்லை மூளையில் இருக்கிற நியூரானாக மாற்றுவது. கேட்பவர்கள் நான் கதை விடுகிறேன் என்று நினைப்பார்கள். என் விஷயத்தில் அது நியாயமான சந்தேகம்தான், ஆனால் இது மட்டும் நிஜம். யாருடைய கையிலிருந்தாவது பொட்டளவு தோலை எடுத்து டிஷ்ஷில் வளர்த்தால், அதன் செல்கள் பரந்து தட்டையாக விரியும். நாலு பக்கமும் இழுத்து ஆணியடித்துக் காயப்போட்ட தோலைப் போலவே இருக்கும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உடம்பின் எல்லா வேலைகளுக்குமான குறிப்பும் இருக்கிறது. தோல் செல் அதில் தோலுக்கான பக்கங்களை மட்டும் படிக்கும். வைரஸ் ஒன்றின் முதுகில் இரண்டு மூன்று ஜீன்களை ஏற்றி உள்ளே அனுப்பினால், மூடிக்கிடந்த நரம்புப் பக்கங்கள் திறக்கும். மூன்று வாரத்தில் செல் தன் பரப்பைச் சுருட்டிக்கொண்டு, சின்ன உடம்பும் நீண்ட கைகளுமாக ஆகும்.

எல்லாம் ஆகாது. பெரும்பாலானவை செத்துப்போகும். சில பாதியில் நின்றுவிடும். நியூரானாக ஆரம்பிப்பது மட்டும் போதாது, தோலாக இருப்பதை நிறுத்தவும் வேண்டும். இதை மேடம் தன் பாணியில் சொல்வார்:

"புது வேலைல சேர்றது ஈசி. பழைய வேலைய ராஜினாமா பண்றதுதான் கஷ்டம். செல்லுக்கும் அப்படித்தான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைப் பற்றித்தானே சொல்கிறார் என்று நினைத்தேன். மேடம் வைரஸ் அளவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் ஒப்பந்தம் ஜூன் கடைசியோடு முடிகிறது. அதற்குள் உருப்படியாக ஒரு முடிவு காட்டினால் மேடம் என்னைப் பிஎச்.டி.க்குப் பதிவு செய்வார். இல்லையென்றால் என் அண்ணன் தபரேஸ் வேலை பார்க்கிற தோல் கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில், எனக்காக ஒரு ஸ்டூல் ஒன்றரை வருடமாகக் காத்திருக்கிறது. அம்மிக்கு, அதாவது அம்மாவுக்கு, ஸ்டூலின் நிறம்வரை தெரியும்.

தோல் கொடுத்த ஆறு பேரில் ஒருத்தி நான். அது கூடாது. ஆனால் கொடுத்த சமயத்தில் நான் செல் வளர்க்கும் பிரிவில் இல்லை. கீழ்த்தளத்தில் மீனாம்பாள் சிஸ்டரின் அறையில் உட்கார்ந்து, தோல் கொடுக்க வருகிறவர்களிடம் படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்குவதுதான் என் வேலை. ஐந்து பேர் வந்தார்கள், ஆறாவது ஆள் வரவில்லை. நானே சட்டைக் கையை மடித்துவிட்டேன். சிஸ்டர் ஆறு குப்பிகளையும் வரிசை கலைத்து ஒன்றிலிருந்து ஆறுவரை எண் போட்டு, பெயர்ப்பட்டியலைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். யார் எந்த எண் என்று மேல்தளத்தில் யாருக்கும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து, செல் வளர்த்துக்கொண்டிருந்த பையன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான். அந்த இடத்துக்கு என்னை ஏற்றினார்கள். நானும் தோல் கொடுத்திருக்கிறேன் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மேலே ஏற்றமாட்டார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆறில் எது என்னுடையது என்று எனக்குத் தெரியாது. ஆனால் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டேன்.

மற்ற டிஷ்களில் செல்கள் பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. நாலாம் டிஷ்ஷில் மட்டும் ஒன்றையொன்று தொடாமல், விலகி விலகி, ஓரமாக நின்றன.  கூட்டத்தில் சேராதது, ஓரத்தையே நாடுவது. இது நான்தான்.

"நீ கம்மியா ஊத்திருப்ப, அதான் காலியாக்கீது" என்றாள் எழிலரசி.

விஞ்ஞானிகளுக்குக் கவிதை தெரியாது என்று எண்ணிக்கொண்டேன்.

அன்றிலிருந்து நாலாம் டிஷ்ஷுக்கு முதல் மரியாதை. அதற்குத்தான் முதலில் மீடியம், செல் குடிக்கிற சத்துநீர், மாற்றுவேன். மைக்ரோஸ்கோப்பில் மற்ற டிஷ்களுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தால் இதற்கு இருபது. ஆறாம் டிஷ்ஷில் பன்னிரண்டாம் நாள் பூஞ்சை பிடித்தது. பிளீச்சில் கொட்டிவிட்டு, கையைக் கழுவி, கேன்டீனில் போய்ச் சமோசா சாப்பிட்டேன்.

மூன்று வாரம் முடிந்ததும் நியூரான்களை எண்ண வேண்டும். விதி எளிது. நியூரானுக்கான சாயம் பச்சையாக மின்ன வேண்டும், செல்லின் கை அதன் உடம்பைப்போல மூன்று மடங்காவது நீண்டிருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் ஆம், இல்லையென்றால் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என நாலு டிஷ்களையும் கறாராக எண்ணினேன். நூற்றுக்கு ஒன்பது, பத்து, பன்னிரண்டு, பத்து என்று வந்தது. நாலாம் டிஷ்ஷை எண்ணும்போது இரண்டரை மடங்குக் கைகளைப் பார்த்தேன். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் நீண்டிருக்கும் என்று தோன்றியது. ஆம் போட்டேன். இரண்டு மடங்குக் கைகள் தயங்கி நிற்பதுபோல் இருந்தன. தயக்கமும் ஒரு குணம்தானே, அதற்கும் ஆம். பச்சை சுமாராக இருந்தவற்றுக்கு உள்ளே இருட்டு அதிகம், நாவல்களில் நல்ல பாத்திரங்கள் எல்லாம் அப்படித்தான் இருப்பார்கள். ஆம்.

முப்பத்தெட்டு வந்தது.

மேடம் காகிதத்தை இரண்டு தரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் தரம் பார்த்தார்.

"மத்ததெல்லாம் பத்து, இது மட்டும் முப்பத்தெட்டா? இந்த ஆள்கிட்ட இன்னாமோ இருக்குது மஹீன். அது இன்னான்னு கண்டுபுடிக்கிறதே ஒரு தீசிஸ். பதிவு ஃபாரத்த நிரப்பிக் கொண்டா. மீனாம்பாள்கிட்ட சொல்லி நாலாம் ஆளுகிட்ட இன்னொரு பீஸ் தோல் வாங்கச் சொல்றேன். இந்தத் தடவ கொஞ்சம் பெருசா."

அன்று பஸ்ஸில் நான் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. என்னிடம் என்னமோ இருக்கிறது என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டது, இனிமேல் எதற்குப் புத்தகம்.

அடுத்த நாள் சுஹேல் அகமது அந்த டிஷ்ஷைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். செல்லில் மின்சாரம் பார்ப்பவர் அவர்தான். தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயின் முனையால் செல்லைத் தொட்டு, ஒரு சின்னத் தூண்டுதல் கொடுப்பார். நிஜ நியூரானாக இருந்தால் திரையில் ஊசிபோல் ஒரு கோடு எகிறும். அதுதான் அதன் பதில். ஒன்றாம் டிஷ்ஷில் தொட்ட ஆறில் இரண்டு பதில் சொல்லியிருந்தன. நாலாம் டிஷ்ஷில் ஏழைத் தொட்டார். ஏழும் வாயே திறக்கவில்லை.

"நியூரான் மாதிரி போஸ் மட்டும் குடுக்குதுங்க" என்றார் சுஹேல், மேடத்திடம். "எனக்கென்னமோ இது சாகப்போற தோல் செல்லுன்னு தோணுது. சாகும்போது உடம்பு சுருங்கும், ஓரம் மட்டும் ஒட்டிக்கினு நூல் மாதிரி நிக்கும். பாக்கறதுக்குக் கை நீட்டிக்கினு இருக்கற மாதிரியே இருக்கும். சாகற செல்லு சாயத்தையும் ஜாஸ்தியா குடிக்கும், பச்சையாத்தான் மின்னும்."

மேடம் என் பக்கம் திரும்பினார்.

"விதிப்படிதான எண்ணின?"

"ஆமா மேடம்."

"மூணு மடங்கு?"

"ஆமா மேடம்."

பொய் சொல்கிற கணத்தில் மனசாட்சி ஏதோ செய்யும் என்று நிறையப் படித்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. பசித்தது.

"சரி, ஏழுன்றது கம்மி. தோல் வந்ததும் மறுபடி போட்டுப் பாப்போம்" என்றார் மேடம். பதிவு ஃபாரத்தில் கையெழுத்துப் போடாமல் மேஜை மேலேயே வைத்தார். வியாழக்கிழமை தோல் எடுப்பது என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தபரேஸ் வாழைப்பழம் தின்றபடி படுத்துக்கிடந்தான். எங்கள் வீட்டுப் பேச்சு பாதி உருது, பாதி தமிழ்.

"சனிக்கிழமையும் வீட்லயே இருந்தியே பாய், லீவா?" என்று கேட்டேன்.

"லீவு இல்ல, பேஜார். மாமனார் கூட்டாளியோட லாட் வந்திருக்கு. சொல்லிட்டு எறங்கிட்டேன்."

அவன் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. தோல்களை மேஜையில் விரித்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிக்கிற ஆள், தனக்குச் சொந்தக்காரர் அனுப்பிய சரக்கு வந்தால், தானாகவே சொல்லிவிட்டு மேஜையை விட்டு இறங்கிவிட வேண்டும். வேறு ஆள் ஏறுவான். ஆம்பூரில் யார் யாருக்குத்தான் சொந்தமில்லை. தபரேஸ் வாரத்தில் இரண்டு நாள் கீழேதான் இருப்பான்.

"சொல்லாம இருந்தா?" என்றேன்.

"போன வருஷம் ஒருத்தன் சொல்லல. சித்தப்பா சரக்கு. ஓட்டை இருந்ததையெல்லாம் முதல் தரத்துல போட்டுட்டான். அவன் திருடன் இல்ல, நல்லவன்தான். அவன் கண்ணுக்கு ஓட்டையே தெரியலயாம். சத்தியம் பண்ணி அழுவுறான்."

"பாவம்."

"பாவம்தான். இப்போ கேட்ல நின்னு லாரி நம்பர் எழுதறான். ஏன், உன் ஆபீஸ்ல எலிக்கு யாராவது சொந்தக்காரங்க வந்துட்டாங்களா?"

"எங்க லேப்ல எலி இல்ல."

"அப்போ உன்னதான் வச்சி பண்றாங்களா?"

அம்மி சமையலறையிலிருந்து சிரித்தார். நான் தோள்களைக் குலுக்க நினைத்தேன். வரவில்லை.

திங்கட்கிழமை நாலாம் டிஷ்ஷின் படங்களில் எண்ணை மறைத்து, மற்ற டிஷ்களின் படங்களோடு கலந்து எழிலரசியிடம் கொடுத்தேன். எது எது என்று சொல்லாமல் எண்ணச் சொன்னேன்.

"இன்னா பந்தயம்?" என்றாள்.

"சும்மா."

"சும்மாவுக்கு ஒரு பிரியாணி ஆகும்."

அரை நாள் எண்ணினாள். நாலாம் டிஷ்ஷுக்கு ஒன்பது வந்தது. மற்றவையெல்லாம் நான் எண்ணியதற்கு ஒன்று முன்னே பின்னே. அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தேன். மேடம் அறைக் கதவுவரை மூன்று தரம் போய், மூன்று தரமும் குடிதண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினேன். அன்று நான் குடித்த தண்ணீருக்கு அளவில்லை.

புதன்கிழமைக்குள் எனக்கு ஓர் உன்னதமான சமாதானம் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை வெட்டப்போவது யாருடைய தோல்? என்னுடையது. தவறு என்னுடையது, தண்டனையும் என் சதையில். குற்றத்துக்கும் பிராயச்சித்தத்துக்கும் நடுவில் வேறு ஆளே இல்லை. எவ்வளவு அழகான அமைப்பு. மேடத்திடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்ற வசதியும் அதில் இருந்தது. சிஸ்டரின் போனுக்காகக் காத்திருந்தேன். "நாளைக்கு வரமுடியுமாம்மா?" என்பார். நான் சிறிது மௌனமாக இருந்துவிட்டு, "வருகிறேன்" என்பேன்.

போன் வரவில்லை. புதன் சாயந்தரம் பஸ்ஸில் நாலு தரம் எடுத்து எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இருந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழ்த்தளத்தில் என்னை யாரோ கூப்பிட்டார்கள்.

"இன்னாம்மா, நல்லாக்கிறியா? அடையாளம் தெரில?"

சுப்பராயன். குடியாத்தத்தில் விசைத்தறியில் லுங்கி நெய்கிறவர். ஐம்பத்திரண்டு வயது. ஆறு பேரில் முதலில் வந்தவர், படிவத்தை நான்தான் நிரப்பினேன். இன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, கையில் மஞ்சள்பை.

"இன்னாண்ணா இந்தப் பக்கம்?"

"சிஸ்டரு போன் பண்ணாங்கம்மா. குடுத்தவங்கள்லயே நம்ம தோல் ஒண்ணுதான் நல்லா வந்துக்குதாம். இன்னொரு பீஸ் வோணும்னாங்க. அரை நாள் தறிய நிறுத்திட்டு வந்தேன்." குரலைத் தாழ்த்தினார். "வூட்ல சொன்னேன். எம் பொண்டாட்டி சொல்லுது, தலைல மூளையே இல்லியேன்னு இத்தினி வருசம் பாத்தேன், தோல்ல வச்சினுக்கிற போலன்னு. தெருவே சிரிக்குது. ஆனா இப்போ ஒரு மரியாததான்."

 இருபத்தொரு நாள், நாளைக்கு இருபது நிமிடம், நான் யாருடைய தனிமையைப் பார்த்து உருகினேனோ அவர் என் எதிரில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரைவிடக் கூட்டத்தோடு ஒட்டிய மனிதரைக் குடியாத்தம் தாலுகாவிலேயே தேட முடியாது.

"டாக்டரம்மாவுக்கு ஒரு துண்டு எடுத்தாந்தேன்" என்று மஞ்சள்பையைக் காட்டிவிட்டு, சிஸ்டர் கூப்பிட்டதும் உள்ளே போனார்.

கதவு வழியாகப் பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். புஜத்தில் பழைய தழும்பு ஒரு கடலைப்பருப்பு அளவு இருந்தது. "போன தபா தறியில பஞ்சு பட்டுப் பட்டு ஆறறதுக்கு ஒரு மாசம் ஆச்சு சிஸ்டர். அது பரவால்ல" என்றார். மீனாம்பாள் சிஸ்டர் அதற்குக் கீழே பேனாவால் வட்டம் போட்டார். பழையதைப்போல இரண்டு மடங்கு.

"சிஸ்டர், கொஞ்சம் நில்லுங்க" என்றேன்.

"இன்னா?"

"மேடம்கிட்ட ஒண்ணு பேசணும்."

"போய்ப் பேசிட்டு வா. அதுக்குள்ள நான் முடிச்சிடறேன்."

"இல்ல. முடிக்கக் கூடாது."

சிஸ்டர் மரத்துப்போகச் செய்கிற ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தார். "நான் நிறுத்தணும்னா மேடம் சொல்லணும்" என்று இன்டர்காமை எடுத்தார்.

மேடம் படியிறங்கி வருவதற்குள் மனதில் ஒரு வாக்கியம் தயார் செய்தேன். அவர் வந்து நின்றதும் சொன்னேன்: "மேடம், நான் ஒரு மனுஷியாத் தோத்துட்டேன்."

"புரியற மாதிரி சொல்லு."

"நாலாம் டிஷ் கவுண்ட் தப்பு. முப்பத்தெட்டு இல்ல. ஒன்பது."

மடித்த தாளைக் கொடுத்தேன். மேடம் பிரித்துப் பார்த்தார். எழிலரசியின் கையெழுத்து அவருக்குத் தெரியும்.

"திங்கக்கிழமை தேதி போட்டிருக்கு."

"ஆமா மேடம்."

"இன்னைக்கு வியாழன்."

"ஆமா மேடம்."

"ஏன் இதுக்கு மட்டும் ஏத்தின?"

"அது என்னோட தோல்னு நெனச்சேன்."

அப்புறம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. சட்டையை மடித்ததிலிருந்து. மேடத்துக்குக் கவுண்டைவிட அதுதான் கோபம்.

"உன் செல்ல நீயே ஏன் தொடக்கூடாதுன்னு தெரியுமா? அதுல வைரஸ் ஏத்திருக்கு. கை தவறி ஊசி குத்தி உள்ள போச்சுன்னா, வேற ஆளோடதா இருந்தா உடம்பு அந்நியன்னு வெரட்டிடும். உன்னோடதுன்னா நம்ம புள்ளதானேன்னு உள்ள வச்சிக்கும். அப்புறம் அது இன்னா ஆகும்னு எனக்கே தெரியாது." இன்டர்காமில் எழிலரசியைக் கூப்பிட்டார். "இவ நோட்ட எடுத்தா."

ஆய்வகக் குறிப்பேட்டில் கடைசிக் கட்டம் 'குறிப்பு'. அதை யாரும் படிப்பதில்லை என்று நினைத்திருந்தேன். மேடம் நின்றபடியே படித்தார், வாய்விட்டு.

"நாள் ஒன்பது. டிஷ் ஒன்று, ஓகே. டிஷ் ரெண்டு, ஓகே. டிஷ் மூணு, ஓகே. டிஷ் நாலு." கண்ணாடியைச் சரிசெய்தார். "ஒருத்தி மட்டும் எல்லோரிடமிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். அவள் எதையோ மறக்க முயல்கிறாள்."

சிஸ்டர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாள் பதினாலு. நீண்ட விரல்களால் இருளைத் தடவுகிறாள். இவளுக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை."

"யாரு கடுதாசி எழுதலயாம்?" என்றார் சுப்பராயன்.

"உங்களுக்குதாண்ணா" என்றாள் எழிலரசி.

"எனக்கு எதுக்குக் கடுதாசி? அதான் போன் கீதே."

எழிலரசி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள், அவள் தோள்கள் குலுங்கின. நான் சுப்பராயனிடம் போனேன். நாவல்களில் இப்படிப்பட்ட இடங்களில் மண்டியிடுவார்கள். கீழே டெட்டால் சிந்தியிருந்தது.

"அண்ணா, மன்னிச்சிடுங்க. உங்க தோல் மத்தவங்களுது மாதிரிதான். நான்தான் தப்பா எண்ணிட்டேன். இன்னொரு பீஸ் தேவையில்ல."

அவர் புஜத்தில் இருந்த வட்டத்தைப் பார்த்தார். கட்டைவிரலை எச்சிலில் தொட்டு அதை அழிக்கப் பார்த்தார். அழியவில்லை.

"அப்போ ஆர்டினரிதானா?"

"ஒன்பது சதவீதம்ணா."

"மத்தவங்களுது?"

"பத்து, பன்னண்டு."

"பன்னண்டு யாரு?"

"தெரியாதுண்ணா."

 மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். "வூட்ல சொல்லாதீங்கம்மா" என்றார், யாரிடம் என்றில்லாமல். "போன் கீன் வந்தா, எடுத்துட்டாங்கன்னு சொல்லிடுங்க. பிளாஸ்திரி ஒண்ணு மட்டும் ஒட்டி அனுப்புங்க சிஸ்டர்."

மேடம் தலையை ஆட்டினார். சிஸ்டர் பிளாஸ்திரி ஒட்டினார். சுப்பராயன் துண்டை மேடத்திடம் கொடுத்துவிட்டுத்தான் போனார். அது வேறு சங்கடம்.

சாயந்தரம் மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பட்டியலில் என் எண் எது என்று சிஸ்டரிடம் கேட்டு வாங்கியிருந்தார். ஆறு.

"ஆறாவது டிஷ் இன்னா ஆச்சு?" என்றார்.

"பூஞ்சை மேடம். பிளீச்சுல கொட்டிட்டேன்."

"எப்போ?"

"பன்னண்டாம் நாள்."

"குறிப்புல இன்னா எழுதின?"

"பூஞ்சை. கொட்டியாச்சு."

"அது ஒண்ணுதான் உருப்படியா எழுதிருக்க." பதிவு ஃபாரத்தை எடுத்து, கிழிக்காமல், கையெழுத்தில்லாமல், அலமாரியில் வைத்தார். "இந்த வருஷம் இல்ல. ஒப்பந்தத்த டிசம்பர் வரைக்கும் நீட்டறேன், டெக்னீஷியன் சம்பளத்துல. எழிலரசி லேபிள மூடித் தருவா, நீ எண்ணு. அவளும் எண்ணுவா. ரெண்டும் சேரலேன்னா எனக்கு வேணாம். டிசம்பர்ல இன்னா பண்றதுன்னு டிசம்பர்ல பாக்கலாம்."

வீட்டில் சொன்னேன். அம்மி ஸ்டூல் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. தபரேஸ் மட்டும், "நீயா சொல்லி இறங்கினியா, இறக்கினாங்களா?" என்று கேட்டான்.

"நானா சொன்னேன். மூணு நாள் லேட்டா."

"மூணு நாள் ஜாஸ்தி" என்றான்.

மேடம் முதல் வேலையாக நாலாம் டிஷ்ஷில் மிச்சமிருந்ததை எடுத்து, தோலுக்கான சாயம் போட்டுப் பார்க்கச் சொன்னார். அந்த நீண்ட கைக்காரர்களில் பெரும்பாலானவை தோல் வேலையை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. உள்ளே பழைய பக்கங்களையே படித்துக்கொண்டு, வெளியே நியூரானைப்போல நின்றிருக்கின்றன. இதை யாரோடும் ஒப்பிடாமல் விட்டுவிடுகிறேன்.

ஜூலையில் புதிய டிஷ்கள் வைத்தோம். எழிலரசி எண்கள்மேல் பழுப்பு டேப் ஒட்டித் தந்தாள். யாருடையதென்று தெரியாமல் எண்ணுவது, நான் நினைத்ததைவிட அலுப்பான வேலை. ஒரு செல்லைப் பார்க்க வேண்டும், அளக்க வேண்டும், ஆம் அல்லது இல்லை போட வேண்டும். கதை இல்லை. முதல் வாரம் எனக்கும் எழிலரசிக்கும் கணக்கு நாலு வித்தியாசம் வந்தது, என் பக்கம்தான் அதிகம். இரண்டாம் வாரம் இரண்டு. செப்டம்பரில் ஒரே எண் வந்தபோது அவள், "பரவால்ல, கண்ணு தெரிய ஆரம்பிச்சிடுச்சு" என்றாள்.

அந்த டிஷ்ஷை சுஹேலிடம் கொண்டுபோனேன். அவர் தொடுகிற செல்லின் இடத்தையும் நேரத்தையும் எழுதுவது என் வேலை. முதல் நாலு பேசவில்லை. ஐந்தாவது, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத செல். குட்டையான கை, மூன்று மடங்கைச் சரியாகத் தொட்டிருந்தது, அவ்வளவுதான். நானாக எண்ணியிருந்தால் அதைக் கவனித்திருக்கவே மாட்டேன். சுஹேல் தூண்டினார். திரையில் கோடு எகிறி இறங்கியது. மறுபடி தூண்டினார். மறுபடி எகிறியது.

மேடம் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"எந்த டிஷ்?"

"தெரியாது மேடம். மூடி இருக்கு."

"எத்தினி பண்ணிங்க?"

"அஞ்சு" என்றார் சுஹேல்.

"டிசம்பருக்குள்ள இருநூறு பண்ணுங்க. ஃபாரம் அலமாரிலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தொண்டையில் ஒரு வாக்கியம் கிளம்பி வந்தது. ஏதோ ஒரு நகரம், ஏதோ ஒரு ஜன்னல், முதன்முதலாகப் பேசுகிற யாரோ. அதை விழுங்கிவிட்டு, "11.40, பதில் உண்டு" என்று எழுதினேன்.

"அடுத்ததுக்குப் போலாமா?" என்றார் சுஹேல்.

"போலாம்" என்றேன். இன்னும் நூற்றுத் தொண்ணூற்றைந்து இருந்தன.